டிஎன்ஏ எழுத்துக் குவியலில் மரபணு எங்கே இருக்கிறது?

2021 ஜூனில் தெமட்டகொடையில் கொரோனாவின் டெல்டா வகை வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வந்தபோது கொழும்பில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். காய்ச்சலும் இருமலும் எல்லாருக்கும் ஒன்றுபோலத்தானே வருகிறது, இது டெல்டா என்று எப்படித் தெரிந்தது? ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாதிரியில் இருந்த வைரஸின் ஆர்என்ஏயை டிஎன்ஏயாக மாற்றி, எழுத்தெழுத்தாக வாசித்தார்கள். தொற்றின் தொடக்கத்தில் வூஹானில் வாசிக்கப்பட்ட வரிசைக்குப் பக்கத்தில் அதை வைத்து, எங்கெங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று பார்த்தார்கள். டெல்டாவுக்கென்று சில மாற்றங்கள் உண்டு. அவை ஒன்றாகத் தென்பட்டதும் பெயர் வைத்தாயிற்று.

அந்த வைரஸின் முழு வரிசையே 30,000 எழுத்துக்குச் சற்றுக் குறைவு. மனிதருடைய டிஎன்ஏயில் அதே வேலையைச் செய்யப் போனால் இரண்டு சங்கடங்கள் வருகின்றன. ஒன்று, அளவு. ஏறக்குறைய 310 கோடி எழுத்துகள், அதாவது வைரஸைப்போல ஓர் இலட்சம் மடங்கு. மற்றது அதைவிடப் பெரிய சிக்கல். வைரஸில் கிட்டத்தட்ட எல்லா எழுத்தும் ஏதோ ஒரு புரதத்துக்கான குறிப்பு. மனிதரில் அப்படிப்பட்ட பகுதி நூற்றுக்கு இரண்டு பங்குகூட வராது. மிச்சத்தில் மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் இடங்கள் இருக்கின்றன. பழைய வைரஸ்களின் எச்சங்களும், ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும் நீண்ட பகுதிகளும் இருக்கின்றன. எது எங்கே தொடங்குகிறது என்று டிஎன்ஏயில் வெளிப்படையான குறிப்பு எதுவும் இல்லை. ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகள் மட்டும் இடைவெளியே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, அதற்குள் மரபணுவை எப்படிப் பிடிக்கிறார்கள்? உயர்தர உயிரியல் படித்தவர்கள் பரம்பரையலகு என்று சொல்வதும் இதைத்தான்.

முதலில் வாசிப்பு

இதை அதிகம் நீட்டத் தேவையில்லை. 1977இல் பிரெட்ரிக் சாங்கர் கொண்டுவந்த முறை ஒரு தடவையில் சில நூறு எழுத்துகளை நன்றாக வாசிக்கும். ஒரு குறிப்பிட்ட மரபணுவை மட்டும் சரிபார்க்க இன்றும் அதுதான் கைகொடுக்கிறது. மனித டிஎன்ஏ முழுவதையும் வாசிக்கும் உலகளாவிய திட்டம் 1990இல் தொடங்கி 2003இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. உண்மையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு விடுபட்டுப் போயிருந்தது. அந்த இடைவெளிகள் பெரும்பாலும் 2022இல்தான் நிரம்பின. இப்போதைய இயந்திரங்கள் டிஎன்ஏயைச் சிறு துண்டுகளாக உடைத்து, 150 எழுத்து நீளமான கோடிக்கணக்கான வாசிப்புகளை ஒரேயடியாகத் தந்துவிடும். எந்தத் துண்டு எந்த இடத்தைச் சேர்ந்தது என்று கணினி, ஏற்கெனவே வாசித்து வைத்த ஒப்பீட்டு வரிசையோடு பொருத்திப் பார்த்து அடுக்குகிறது. நீளமான துண்டுகளை வாசிக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன.

வாசிப்பு மலிவாகிவிட்டது. வாசித்ததற்கு என்ன அர்த்தம் என்று சொல்லும் வேலை அதே வேகத்தில் மலிவாகவில்லை.

எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

செல் டிஎன்ஏயை மூன்று மூன்று எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு மூவெழுத்தும் புரதத்தின் கட்டுமான அலகான ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். நான்கு எழுத்துகளால் 64 மூவெழுத்துகள் அமைக்கலாம். அவற்றில் ஏடிஜி வழக்கமான தொடக்கம். டிஏஏ, டிஏஜி, டிஜிஏ மூன்றும் நிறுத்தம்.

பழைய ஓலைச்சுவடியில் சொற்களுக்கு இடையே இடம் விட்டிருக்கமாட்டார்கள். ‘பலகை’ என்று இருப்பது ஒரு பலகையா, பல கைகளா என்பது எங்கே பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. டிஎன்ஏயிலும் எந்த எழுத்தில் தொடங்கிப் பிரிக்கிறோம் என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. ஓர் உண்மையான வரிசையை எடுத்துப் பார்ப்போம். நம் குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் ஒரு பாதி பீட்டா குளோபின். அதற்கான மரபணு 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. புரதத்துக்கான எழுத்துகள் அதில் இப்படித் தொடங்கும்:

ஏடிஜி ஜிடிஜி சிஏடி சிடிஜி ஏசிடி சிசிடி ஜிஏஜி ஜிஏஜி ஏஏஜி

இதையே ஓர் எழுத்துத் தள்ளி வாசித்தால்: டிஜிஜி, டிஜிசி, ஏடிசி, டிஜிஏ. நான்காவதிலேயே நிறுத்தம். இரண்டு எழுத்துத் தள்ளினால்: ஜிஜிடி, ஜிசிஏ, டிசிடி, ஜிஏசி, டிசிசி, டிஜிஏ. ஆறாவதில் நிறுத்தம். சரியான இடத்தில் தொடங்கினால் மட்டும் தடை இல்லாமல் ஓடுகிறது. டிஎன்ஏ இரட்டை இழை என்பதால் எதிர் இழையிலும் மூன்று விதமாகப் பிரித்து வாசிக்கலாம். ஆக மொத்தம் ஆறு வழிகள். கணினி ஆறையும் பார்க்கும்.

இதில் ஓர் எளிய கணக்கு ஒளிந்திருக்கிறது. எழுத்துகள் தற்செயலாக விழுந்திருந்தால் 64இல் மூன்று நிறுத்தம் என்ற விகிதத்தில், சராசரியாக 21 மூவெழுத்துக்கு ஒரு நிறுத்தம் வந்துவிட வேண்டும். நூறு மூவெழுத்து வரை நிறுத்தமே வராமல் போகும் வாய்ப்பு நூற்றில் ஒன்றைவிடக் குறைவு. முந்நூறு வரை வராமல் போகும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்றைவிடக் குறைவு. அவ்வளவு நீளத்துக்குத் தடையில்லாத பாதை தெரிந்தால், அதை இயற்கை காப்பாற்றி வைத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

பாக்டீரியாவில் இந்த ஒரு தந்திரத்தை வைத்தே பெரும்பாலான மரபணுக்களைப் பிடித்துவிடலாம். நம் குடலில் வாழும் ஈ கோலையின் ஆய்வுகூட வகையொன்றில் 46 இலட்சம் எழுத்துகள், ஏறத்தாழ 4,300 மரபணுக்கள். எல்லாம் நெருக்கி அடுக்கியபடி இருக்கும்.

மனிதரில் இந்தத் தந்திரம் சறுக்குகிறது. காரணம் நம் மரபணுக்கள் துண்டு துண்டாக இருக்கின்றன. பீட்டா குளோபினையே பாருங்கள். மரபணுவின் முழு நீளம் 1,600 எழுத்து வரும். புரதத்துக்கு வேண்டியது நிறுத்தத்தையும் சேர்த்து 444 எழுத்துதான். அந்த 444உம் மூன்று துண்டுகளாக, 92, 223, 129 என்று சிதறிக் கிடக்கின்றன. இடையில் 130 எழுத்தும் 850 எழுத்தும் கொண்ட இரண்டு வேண்டாத பகுதிகள். வேண்டிய துண்டை எக்ஸான் என்றும் இடையில் வருவதை இன்ட்ரான் என்றும் சொல்வார்கள். செல் முதலில் எல்லாவற்றையும் ஆர்என்ஏயாகப் பிரதியெடுத்து, அப்புறம் இன்ட்ரான்களை வெட்டி எறிந்துவிட்டு எக்ஸான்களை ஒட்டிக்கொள்கிறது.

முதல் துண்டின் 92 எழுத்து என்பது முப்பது மூவெழுத்தும் மிச்சம் இரண்டு எழுத்தும். ஆம், ஒரு மூவெழுத்தின் நடுவிலேயே இன்ட்ரான் புகுந்துவிடுகிறது. முப்பது மூவெழுத்து வரை நிறுத்தம் இல்லாமல் இருப்பது தற்செயலாகவே ஏறக்குறைய நான்கில் ஒரு தடவை நடக்கும். அதை மட்டும் வைத்து மரபணு என்று சொன்னால் டிஎன்ஏ முழுக்க மரபணுவாகத்தான் தெரியும்.

ஆகவே வேறு தடயங்கள் வேண்டும். பெரும்பாலான இன்ட்ரான்கள் ஜிடி என்று தொடங்கி ஏஜி என்று முடியும். ஆனால் ஜிடி என்ற ஜோடி எங்கும் கிடக்கும். சராசரியாக 16 இடத்துக்கு ஒன்று. அதனால் அதைச் சுற்றியுள்ள எழுத்துகளையும் பார்க்கிறார்கள். இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்து ஜியாக இருப்பது பரவலான வழக்கம் என்பதுபோன்ற சாயல்கள் உண்டு. 1990களில் எழுதப்பட்ட மென்பொருள்கள் இந்தச் சாயல்கள் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு, இது எக்ஸானாக இருக்க எவ்வளவு வாய்ப்பு, இன்ட்ரானாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று நிகழ்தகவு சொன்னன. நல்ல ஊகங்கள்தான், ஆனாலும் ஊகங்கள்.

ஊகத்தை உறுதிப்படுத்த இரண்டு சாட்சிகள். முதலாவது ஆர்என்ஏ. செல்லில் உள்ள ஆர்என்ஏயைத் திரும்ப டிஎன்ஏயாக்கி வாசித்தால், வெட்டி ஒட்டி முடிந்த வரிசை கிடைக்கும். அதை மூல டிஎன்ஏயோடு பொருத்தினால் எங்கே ஒட்டினார்கள் என்று எல்லை எல்லையாகத் தெரிந்துவிடும். என் பார்வையில் இதைவிட நேரடியான சான்று இல்லை. ஒரு குறை உண்டு. எல்லா மரபணுவும் எல்லாச் செல்லிலும் விழித்திருப்பதில்லை. பீட்டா குளோபினின் ஆர்என்ஏ சிவப்பணுக்கள் உருவாகும் எலும்பு மச்சையில் குவிந்து கிடக்கும். தோலை எடுத்துத் தேடினால் அப்படிக் கிடைக்காது.

இரண்டாவது சாட்சி உறவுக்காரர்கள். சிம்பன்சியின் பீட்டா குளோபினில் உள்ள அமினோ அமிலங்கள் நம்முடையவற்றோடு ஒன்றுகூட மாறாமல் பொருந்தும். எலியிலும் கோழியிலும் வேறுபாடு கூடும், ஆனால் அடையாளம் தெரியும். பயன்படாத பகுதிகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கண்டபடி மாறிப்போகும். தேவையான பகுதி மாறாமல் நிற்கும். 1990இல் வந்த பிளாஸ்ட் என்ற தேடல் கருவி இதற்குத்தான். புதிதாகக் கிடைத்த வரிசையை அதில் ஒட்டினால், உலகத் தரவுத்தளத்தில் அதைப்போல என்னென்ன இருக்கின்றன என்று வரிசைப்படுத்தித் தரும். இலவசம். கையில் இணைய வசதியுள்ள ஒரு போன் இருந்தால் மேலே உள்ள எழுத்துகளைத் தொடர்ந்து வரும் வரிசையோடு நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஏமாற்றுக்காரர்கள் உண்டு. பீட்டா குளோபினுக்குப் பக்கத்திலேயே அதன் பிரதிபோல ஒன்று இருக்கிறது. பார்த்தால் மரபணு, ஆனால் புரதம் வராது. எப்போதோ இரட்டித்து, அப்புறம் உடைந்துபோன இப்படிப்பட்டவற்றைப் போலி மரபணு என்கிறார்கள். மனிதருக்கு எத்தனை மரபணுக்கள் என்ற கணக்கு ஏறி இறங்கியதற்கு இவையும் ஒரு காரணம். ஒரு காலத்தில் ஓர் இலட்சம் என்றார்கள். 2001இல் முதல் வரைவு வந்தபோது முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்றார்கள். இப்போது புரதம் தருபவை ஏறத்தாழ 20,000.

மாற்றத்தைப் பிடிப்பது

மரபணு எங்கே என்று தெரிந்தாயிற்று. இனி ஒருவருக்கும் மற்றவருக்கும் என்ன வேறுபாடு?

ஒப்பீட்டு வரிசையோடு ஒப்பிட்டால் ஒரு சராசரி மனிதரின் டிஎன்ஏ 40 முதல் 50 இலட்சம் இடங்களில் வேறுபடும். இந்த எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒப்பீட்டு வரிசை என்பது ‘சரியான’ மனிதர் அல்லர். அமெரிக்காவின் பஃபலோ நகரில் பத்திரிகை விளம்பரம் பார்த்து முன்வந்த சிலரின் குருதியிலிருந்து பெரும்பகுதி வாசிக்கப்பட்டது; அதிலும் பெயர் வெளியிடப்படாத ஒருவருடையதே நூற்றுக்கு எழுபது பங்கு. அவரிடமிருந்து நாம் வேறுபடுகிறோம் என்பது மட்டும் நோயாகிவிடாது.

வேறுபாடு உண்மையா, இயந்திரத்தின் பிழையா என்பது முதல் கேள்வி. இயந்திரம் ஆயிரத்துக்கு ஓர் எழுத்துத் தப்பாக வாசித்தாலே 310 கோடியில் 31 இலட்சம் பொய்யான வேறுபாடுகள் வரும். அதனால் ஒவ்வோர் இடத்தையும் ஏறத்தாழ 30 தடவை வாசிக்கிறார்கள். ஓரிடத்தில் 29 வாசிப்பு ஜி என்றும் ஒன்று மட்டும் சி என்றும் வந்தால் அது பிழை. 16 ஜியும் 14 சியும் வந்தால், அம்மாவிடமிருந்து ஒன்றும் அப்பாவிடமிருந்து மற்றதும் வந்திருக்கிறது. முப்பதும் சி என்றால் இருவரிடமிருந்தும் சி. ஆறு சி, இருபத்துநான்கு ஜி என்று இழுபறியாக வந்தால் மென்பொருள் நிகழ்தகவு கணக்கிடும். மருத்துவ அறிக்கை என்றால் பெரும்பாலும் சாங்கர் முறையில் இன்னொரு தடவை பார்ப்பார்கள்.

ஓர் எழுத்து மாறுவது ஒரு வகை. சில எழுத்துகள் கூடுவதும் குறைவதும் இன்னொரு வகை; ஓர் எழுத்துப் போனாலே அதற்குப் பிறகு எல்லா மூவெழுத்தும் தள்ளிப்போய் விரைவில் நிறுத்தத்தில் முட்டும், மேலே செய்து பார்த்ததுபோல. ஆயிரக்கணக்கான எழுத்துகள் ஒரேயடியாகக் காணாமல் போவது மூன்றாவது. தலசீமியா என்பது ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை நோய்; இலங்கையில் காணப்படும் அல்பா தலசீமியாவில் இப்படி ஏறக்குறைய 3,700 எழுத்து நீக்கம் ஒன்று உண்டு. ஹீமோகுளோபினின் மற்றப் பாதியான அல்பா குளோபினுக்கு அடுத்தடுத்து இரண்டு மரபணுக்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். 150 எழுத்துத் துண்டு ஒன்று முதலாவதிலிருந்து வந்ததா, இரண்டாவதிலிருந்து வந்ததா என்று கணினிக்கே குழப்பம் வரும். அதனால் இந்த வகைக்குத் தனிப் பரிசோதனைகள் வைத்திருக்கிறார்கள்.

எந்த மாற்றம் நோயைத் தரும்?

இங்கேதான் முன்பு பார்த்த மரபணு இலக்கணம் திரும்ப உதவுகிறது. பீட்டா குளோபினையே எடுத்துக்கொள்வோம், நம் நாட்டுக்கு அது நெருங்கிய விஷயம். தலசீமியாவுக்கென்று குருணாகலில் தனி நிலையம் இருக்கிறது.

மேலே கொடுத்த வரிசையில் முதலாவது ஜிஏஜி, ஜிடிஜியாக மாறினால் அரிவாள் செல் நோய். ஓர் எழுத்து, ஓர் அமினோ அமிலம். படித்தால் உடனே விளங்கும் மாற்றம். ஆனால் இலங்கையில் பீட்டா தலசீமியாவுக்கு அதிகம் காரணமாகும் இரண்டு விகாரங்களும் 444 எழுத்துக்கு வெளியே இருக்கின்றன. முதல் இன்ட்ரான் இப்படித் தொடங்கும்: ஜி, டி, டி, ஜி, ஜி, டி. முதல் ஜி ஏயாக மாறுவது ஒன்று. ஜிடி என்ற அடையாளமே அழிந்துவிடுவதால் எங்கே வெட்டுவது என்று செல்லுக்குத் தெரியாது; சரியான புரதம் வரவே வராது. மற்றது ஐந்தாவது எழுத்தான ஜி, சியாக மாறுவது. ஜிடி அப்படியே இருக்கிறது, ஆனாலும் செல் தடுமாறிப் பக்கத்தில் வேறு இடங்களில் வெட்டத் தொடங்கும். சரியான ஆர்என்ஏ கொஞ்சம்தான் தேறும். புரதத்துக்கான எழுத்துகளை மட்டும் பார்ப்பவர் ஒரு பிழையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

ஹீமோகுளோபின் ஈ என்ற மாறிய வகை இன்னும் சுவாரசியம். பீட்டா குளோபினின் 26ஆவது இடத்தில் (தொடக்க ஏடிஜியைக் கணக்கில் சேர்க்காமல்) ஜிஏஜி, ஏஏஜி ஆகிறது. அமினோ அமிலமும் மாறுகிறது. கூடவே எக்ஸானுக்குள் புதிதாக ஒரு வெட்டுமிடத்தின் சாயலும் உருவாகி, ஆர்என்ஏயில் ஒரு பகுதி வீணாகிறது. ஒரே எழுத்து இரண்டு விதத்தில் கெடுக்கிறது.

வைத்தியசாலையில் எடுத்தவுடன் டிஎன்ஏக்குப் போகமாட்டார்கள். முதலில் எஃப்பிசி என்று எல்லாரும் அறிந்த குருதிப் பரிசோதனை. சிவப்பணு சிறிதாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம். பிறகு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால்தான் மரபணு. எங்கே தேட வேண்டும் என்று இங்கே முன்கூட்டியே தெரியும் என்பதால் வேலை எளிது.

தெரியாத மரபணுவில் புதிதாக ஒரு மாற்றம் வந்தால்? முதலில், ஆரோக்கியமாக இருக்கும் எத்தனை பேரிடம் அது இருக்கிறது என்று தேடுவார்கள். அரிதான கடும் நோயைத் தரும் மாற்றம் நூற்றில் ஐந்து பேரிடம் இருக்க வாய்ப்பில்லை. 2015இல் முடிந்த ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டம் 26 மக்கள் குழுக்களில் 2,504 பேரை வாசித்தது. அதில் இலங்கைத் தமிழரும் ஒரு குழு, 102 பேர். மாதிரி எடுத்தது பிரித்தானியாவில், அங்கே குடியேறியவர்களிடம். பரவலான வேறுபாடுகளை அறிய அது நல்ல தொகை. ஆனால் 102 பேர் என்றால் 204 பிரதிகள். ஆயிரம் பிரதிக்கு ஒன்றில் இருக்கும் மாற்றம் அதில் ஒருமுறைகூடத் தென்படாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். அப்புறம் வந்த பெரிய தரவுத்தளங்களில் தெற்காசியர் ஆயிரக்கணக்கில் உண்டு. ஐரோப்பிய வம்சாவளியினரோடு பார்த்தால் சிறிய பங்குதான். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு 1983 முதல் இயங்குகிறது. இப்படிப்பட்ட உள்ளூர்ப் பிரிவுகள் சேர்த்து வைக்கும் தரவுக்கு வெளிநாட்டுத் தரவு ஈடாகாது என்பது என் கருத்து.

பிறகு மற்ற சாட்சிகள்: பிற உயிரினங்களில் அந்த எழுத்து மாறாமல் இருக்கிறதா, குடும்பத்தில் நோயுள்ளவர்களிடம் மட்டும் மாற்றம் இருக்கிறதா, ஆய்வுகூடச் செல்லில் மாற்றிப் பார்த்தால் புரதம் கெடுகிறதா. எல்லாவற்றையும் கூட்டி ஐந்து படிகளில் ஒன்றில் வைப்பார்கள். நோய் தரும், அநேகமாக நோய் தரும், அர்த்தம் உறுதியில்லை, அநேகமாகத் தீங்கில்லை, தீங்கில்லை. நடுவில் இருக்கும் ‘அர்த்தம் உறுதியில்லை’ என்ற வரி அறிக்கையில் வந்தால் பலர் நோய் உறுதியாகிவிட்டது என்று நினைத்துக் கலங்குகிறார்கள். அந்த வரியை மட்டும் வைத்துச் சிகிச்சையோ அறுவையோ முடிவுசெய்வது வழக்கமில்லை. பெற்றோரையும் சகோதரரையும் பரிசோதித்தால் சிலசமயம் விடை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்து, இரண்டு மூன்று வருடம் கழித்து அதே மரபியல் வைத்தியரிடம் திரும்பக் கேளுங்கள். தரவு சேரச்சேர இந்த வகைப்பாடு மாறும். டிஎன்ஏயை மறுபடி வாசிக்காமலே, பழைய வரிசையை எடுத்துப் புதிய தரவோடு ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.